ராத்திரி தாண்டும் இன்சுலின் பிறந்த கதை

சர்க்கரை உள்ள பிள்ளைக்கு நடுராத்திரியில் ரத்தச் சர்க்கரை இறங்கி ஏன் ‘லோ’ ஆகிறது என்று திருச்சி பொன்மலையில் ஒரு தாய் கேட்டால், பதிலில் பாதியை டென்மார்க்கில்தான் தேட வேண்டும். குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், உள்ளங்கையில் வைத்து உருட்டினால் பாலாகக் கலங்கும் அந்த என்.பி.எச். இன்சுலின் பிறந்த இடம் அது.

1922 ஜனவரி 11 அன்று டொரான்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்ட கதை பலருக்கும் தெரிந்ததுதான். அதற்கு அடுத்த சங்கடம்தான் அதிகம் பேசப்படுவதில்லை. அந்த இன்சுலின் ஆறு மணி நேரம் தாங்கினால் அதிகம். ஆகவே ஒரு நாளைக்கு மூன்று நாலு ஊசி. கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்க வைக்க வேண்டும், தடித்த ஊசியைக் கல்லில் தீட்ட வேண்டும், தூங்கும் குழந்தையை எழுப்பிக் குத்த வேண்டும். மருந்து மெதுவாகக் கரையட்டும் என்று எண்ணெயில் கலந்து பார்த்தார்கள், பிசினில் கலந்து பார்த்தார்கள். ஒன்றும் ஒழுங்காக அமையவில்லை.

அதே 1922இல், நோபல் பரிசு பெற்ற டென்மார்க் உடலியலாளர் ஆகஸ்ட் குரோக் டொரான்டோ போனார். அவர் மனைவி மாரி ஒரு மருத்துவர். அவருக்கே சர்க்கரை நோய் இருந்தது. தயாரிப்பு அனுமதியோடு ஊர் திரும்பிய குரோக், ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹாகடோர்ன் என்ற மருத்துவருடன் சேர்ந்து நார்டிஸ்க் ஆய்வகத்தைத் தொடங்கினார்.

ஹாகடோர்ன் பிடித்த நுணுக்கம் இதுதான்: நம் உடம்பின் காரத்தன்மையில் இன்சுலின் நன்றாகக் கரைகிறது, அதனால் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அந்த இடத்திலேயே அதைக் கரையவிடாமல் செய்தால்? அதற்கு அவர் சேர்த்தது புரோட்டமைன் என்ற புரதம். டிரவுட் மீனின் விந்திலிருந்து எடுத்தது. மீன் வாடையே ஆகாத ஸ்ரீரங்கத்து வீடுகளிலும் அது பிற்காலத்தில் ஊசி வழியாக நுழைந்திருக்கிறது என்பது வேறு விஷயம்! 1936இல் ஹாகடோர்ன் குழுவின் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு டொரான்டோவில் ஸ்காட்டும் ஃபிஷரும் துத்தநாகம் சேர்த்து அதை இன்னும் நீட்டினார்கள். நீட்டியது மிதமிஞ்சிப் போயிற்று. இன்றைய ஊசியின் மிச்சம் நாளைய ஊசியோடு சேர்ந்துகொண்டது. சாதாரண இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கவும் முடியவில்லை. 1946இல் நார்டிஸ்க்கின் கிராயன்பூலும் ரோசன்பெர்க்கும் புரோட்டமைனும் இன்சுலினும் ஒன்று மிஞ்சாமல் ஒன்றில் அடங்கும் சரியான விகிதத்தைப் பிடித்துப் படிகமாக்கினார்கள். அதுதான் என்.பி.எச்.; 1950இல் கடைக்கு வந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, வேலை முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மருந்து ஊசியின் எண்ணிக்கையைக் குறைக்கப் பிறந்தது என்பதுதான். ராத்திரியைப் பற்றி அன்று பெரிதாகக் கவலைப்பட வழியும் இல்லை. வீட்டில் இருந்த ஒரே சோதனை, சிறுநீரில் பெனடிக்ட் கரைசல் ஊற்றிக் காய்ச்சுவது. செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை அதிகம். நீலமாகவே இருந்தால் நிம்மதி. ஆனால் ரத்தச் சர்க்கரை 120 இருந்தாலும் அதே நீலம், 40 இருந்தாலும் அதே நீலம். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கிய காலமும் அந்தப் பெனடிக்ட் காலம்தான். விரல் குத்திப் பார்க்கும் மீட்டர் வீடுகளுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. இரவு முழுக்கச் சர்க்கரையைப் பதியும் சென்சார் 1999இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ராத்திரியில் ரத்தத்தைப் பார்த்தால் தெரிவது ஒரு குன்று. என்.பி.எச். போட்ட நாலிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் உச்சிக்கு ஏறி இறங்கும். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் உச்சி பன்னிரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் வரும். உடம்புக்கு இன்சுலின் மிகக் குறைவாகத் தேவைப்படும் நேரமும் ஏறக்குறைய அதுவே. பிள்ளை சாயங்காலம் ரயில்வே மைதானத்தில் ஓடியாடியிருந்தால், களைத்த தசைகள் பல மணி நேரம் கழித்தும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். விழித்திருக்கும்போது ‘லோ’ ஆனால் அட்ரினலின் சுரந்து வியர்க்கும், நடுங்கும். ஆழ்ந்த தூக்கத்தில் அந்த அட்ரினலின் மணியே மெதுவாகத்தான் அடிக்கும். குப்பியைச் சரியாக உருட்டாமல் இழுத்தால் இன்றைக்கு ஓர் அளவு, நாளைக்கு ஓர் அளவு. 1,441 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு, சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்று காட்டியது. அப்படிப் பிடித்தவர்களுக்குக் கடுமையான ‘லோ’ மூன்று மடங்கு ஆனதையும் காட்டியது. அவற்றில் பாதிக்கு மேல் தூக்கத்தில் நடந்தவை. பிள்ளைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியே கிடக்கட்டும், ராத்திரி பயமில்லாமல் இருக்கும் என்று பெற்றோர் நினைப்பதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன்.

குன்றைத் தரையாக்கும் வேலை ஃபிராங்ஃபர்ட்டில், ஹெக்ஸ்ட் நிறுவனத்தில் நடந்தது. ஹாகடோர்னின் யுக்தியை அவர்கள் திருப்பிப் போட்டார்கள். அவர் மருந்தைக் குப்பிக்குள்ளேயே படிய வைத்தார். இவர்கள் தோலுக்கு அடியில் போன பிறகு படிய வைத்தார்கள். இன்சுலின் சங்கிலியின் கடைசியில் இரண்டு ஆர்ஜினைன் சேர்த்து, வேறோர் இடத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினார்கள். குப்பியில் அமிலக் கரைசலாகத் தெளிந்திருக்கும் மருந்து உடம்பின் காரத்தைத் தொட்டதும் நுண்ணிய துகள்களாக உறைந்து, சீராகக் கசியும். இதுதான் கிளார்ஜின். 2000இல் ஒப்புதல் பெற்றது. பின்னால் ரத்தத்து ஆல்புமினைப் பற்றிக்கொண்டு போகும் டெடெமிர் வந்தது, அதற்கும் பின்னால் 42 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் டெக்லுடெக். 2009இல் பெங்களூரு பயோகான் தன் கிளார்ஜினை இந்தியாவில் விற்கத் தொடங்கியது.

பலன் எவ்வளவு? 347 சிறுவர் சிறுமியரை வைத்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், என்.பி.எச்.-ஐ விட டெடெமிரில் ராத்திரி ‘லோ’ 26 சதவீதம் குறைந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இரண்டுக்கும் ஒன்றேதான். ஆகவே இது மந்திரம் இல்லை. ஆனால் நாலில் ஒரு பங்கு பயம் குறைவது சின்ன விஷயமும் இல்லை.

மாற்றும்போதுதான் வீட்டில் குழப்பம் வரும். இரண்டு வேளை என்.பி.எச்.-இலிருந்து ஒரு வேளை கிளார்ஜினுக்குப் போகையில், வழக்கமாக மருத்துவர் மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தே தொடங்குவார். அது மருத்துவர் போடும் கணக்கு, பக்கத்து வீட்டார் போடுவது அல்ல. கிளார்ஜினை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. அமிலம் என்பதால் சில பிள்ளைகள் கொஞ்சம் எரிகிறது என்பார்கள். எல்லாவற்றையும் விட ஆபத்தானது சிரிஞ்சு. இங்கே சாதாரணக் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இழுத்தால் பிள்ளைக்குப் போவது இரண்டரை மடங்கு. புது மருந்தில் முதல் சில வாரங்கள் ராத்திரி மூன்று மணிக்கு ஒருமுறை விரல் குத்திப் பார்க்கத்தான் வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், திருச்சி வெயிலுக்கு, ஈர மணல் மேல் வைத்த மண்பானை போதும். வெயில் படும் ஜன்னல் ஓரம் ஆகாது.

இன்னொன்றைப் பலரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காலையில் போட்ட என்.பி.எச்.-இன் குன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏறி, பள்ளிக்கூடத்துச் சோற்றைச் சமாளித்துக்கொண்டிருந்தது. தட்டையான கிளார்ஜின் அந்த வேலையைச் செய்யாது. மதியச் சாப்பாட்டுக்கு முன் பள்ளியில் ஒரு ஊசி தேவைப்படும். ஊசியைக் குறைக்கப் பிறந்த மருந்தின் பேரன், ராத்திரியைக் காத்துக்கொடுத்துவிட்டு, அந்த ஊசியைத் திருப்பிக் கேட்கிறான்.

2021இல், இன்சுலினின் நூற்றாண்டில், உலக சுகாதார நிறுவனம் இந்த நீண்ட நேர இன்சுலின்களை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. விலைதான் இன்னும் தடை. அதை அரசுதான் இறக்க வேண்டும். பள்ளியில் மதிய ஊசிக்கு இடம் கொடுப்பது அப்படியில்லை, அதற்குக் காசு வேண்டாம். சி.பி.எஸ்.இ. 2017லேயே சர்க்கரை உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குத் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்தது. தலைமையாசிரியர்களே, உங்கள் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் கதவுள்ள ஓர் அறையையும், ஊசி போடத் தெரிந்துகொள்ளச் சம்மதிக்கும் ஓர் ஆசிரியரையும் ஏற்பாடு செய்துகொடுங்கள்.