ஊசல்: சீருடற்பயிற்சிக் கம்பிகளில் தொடக்கநிலைத் திறன்

கம்பியைப் பற்றிக்கொண்டு உடலை முன்னும் பின்னும் வீசி ஆடுவது ஊசல். ஒற்றைக் கம்பி, இணைக் கம்பிகள், மகளிருக்கான உயர்–தாழ் கம்பிகள் ஆகிய மூன்று கருவிகளுக்கும் இதுவே அடிப்படை. கோவில்பட்டி வட்டாரக் கரிசல் ஊர்களில் முதலிரண்டும் சிங்கிள் பார், டபுள் பார் என்றே வழங்குகின்றன.

தோற்றம்

கம்பிப் பயிற்சியின் தந்தை ஃபிரீட்ரிக் லுட்விக் யான். ஜெர்மானியரான குட்ஸ்மூட்ஸ் 1793இலேயே இளைஞர் உடற்பயிற்சி பற்றி நூல் எழுதியிருந்தாலும், கம்பிகளை நட்டு அவற்றில் ஆடும் முறையை வகுத்தவர் யானே. 1811இல் பெர்லினை அடுத்த ஹாசன்ஹைடவில் அவர் திறந்த பயிற்சித் திடலில் ஒற்றைக் கம்பியும் இணைக் கம்பிகளும் இடம்பெற்றன. அவருடைய இயக்கத்தில் அரசியல் கலந்திருந்ததால் பிரஷ்ய அரசு 1820இல் அதைத் தடைசெய்தது. தடை 1842இல்தான் நீங்கியது. நாட்டைவிட்டு வெளியேறிய அவருடைய மாணவர்கள் இந்தக் கலையை அமெரிக்காவரை கொண்டு சென்றனர்.

பிரிட்டிஷ் படையில் உடற்பயிற்சி முறைப்படி வேரூன்றியது 1860இல். படையினர் 12 பேர் ஆக்ஸ்ஃபர்டில் ஆர்ச்சிபால்ட் மெக்லாரனிடம் பயின்று, பின்னர் பிறருக்குப் பயிற்றுநர் ஆயினர். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒற்றைக் கம்பியில் ஹெர்மன் வைன்கார்ட்னரும் இணைக் கம்பிகளில் ஆல்ஃபிரட் ஃபிளாட்டோவும் வென்றனர், இருவரும் ஜெர்மானியர். உயர்–தாழ் கம்பிகளில்தான் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கொமனேச்சி முதல் முழுப் பத்தைப் பெற்றார்.

தமிழகத்தில் உடற்கல்வி ஒரு படிப்பாக உருப்பெற்றது 1920இல், ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியால். இந்திய சீருடற்பயிற்சிக் கூட்டமைப்பு 1951இல் அமைந்தது.

கருவியும் பிடியும்

போட்டிக்குரிய ஒற்றைக் கம்பி தரையிலிருந்து 280 செ.மீ. உயரமும் 28 மி.மீ. விட்டமும் உடைய எஃகுக் கம்பி. மகளிர் கம்பிகளில் ஒன்று 250 செ.மீ., மற்றது 170 செ.மீ. உயரம். தொடக்கநிலையில் கம்பி இத்தனை உயரம் வேண்டியதில்லை. தொங்கும்போது பாதம் தரையைத் தொடாதிருந்தால் போதும்.

விரல்கள் கம்பிக்கு மேலாகப் போய், புறங்கை ஆடுபவரை நோக்கியிருப்பது மேற்பிடி. உள்ளங்கை அவரை நோக்கியிருப்பது கீழ்ப்பிடி. ஊசலை மேற்பிடியில்தான் தொடங்க வேண்டும். அந்தப் பிடி பின்வீச்சில்தான் நழுவும். ஆகவே பின்வீச்சின் உச்சியில் உடல் எடை இழந்தாற்போல் நிற்கும் நொடியில் கைகளை லேசாக எழுப்பி மறுபடி பிடிக்கப் பழக வேண்டும். வியர்வைக்கு மக்னீசியம் கார்பனேட் தூள் பூசிக்கொள்வர்.

வகைப்பாடு

ஊசல் இரு வகைப்படும். கை நீட்டித் தொங்கி ஆடுவது தொங்கூசல். டபுள் பாரில் கைகளை ஊன்றித் தோளை அச்சாக வைத்து ஆடுவது ஊன்றூசல்.

தொங்கூசலில் கற்க வேண்டியவை இரண்டே உடல் வடிவங்கள். வயிறு ஒட்டி, முதுகு சற்றே வளைந்து, மார்பு உள்ளடங்குவது குழிவு. மார்பு முன்னே வந்து கால்கள் பின்தங்குவது வில். பின்னிருந்து குழிவாக நீண்டு இறங்கும் உடல், கம்பிக்கு நேர்கீழே வருமுன் வில்லாகும். செங்குத்தைக் கடந்ததும் பாதங்களை முன்னே வீசி மீண்டும் குழிவாகும். வேப்பமரத்து ஊஞ்சலில் குழந்தை கால் நீட்டி உந்துவதும் இதே இயக்கம்தான். முழங்காலை மடக்கினாலும் முழங்கையை வளைத்தாலும் வேகம் குறையும். இறங்குவதற்கு உரிய இடம் பின்வீச்சின் உச்சி. இடையில் கைவிட்டால் உடல் எறியப்படும்.

இதற்கு அடுத்த படிகள் இடுப்பைக் கம்பியில் சுற்றிக் கொண்டுவரும் பின்சுற்று, ஊன்றிய நிலையிலிருந்து உடலைப் பின்னே எறியும் காஸ்ட், தொங்கலிலிருந்து ஊன்றலுக்கு எழும்பும் கிப் ஆகியவை. கைவலிமை வந்தபின்தான் ஊசல் என்பது தவறான வரிசை. ஊசலே தோளையும் பிடியையும் வளர்க்கும்.

கரிசல் நிலமும் கம்பியும்

கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். மேலாக நட்ட தூண் ஓரிரு பருவங்களில் சாய்ந்துவிடும். ஆழமான கான்கிரீட் அடித்தளம் தேவை. காய்ந்த கரிசல் கட்டாந்தரை என்பதால் கம்பிக்கு அடியில் மணற்குழியும் வெட்ட வேண்டும்.

இப்பகுதியில் கம்பிக்கு வரும் இளைஞர் பலருக்கும் நோக்கம் படைவேலை. ராணுவ ஆள்சேர்ப்பில் 10 புல்-அப் எடுத்தால் 40 மதிப்பெண். அதில் உடலை வீசி எழும்புவது குற்றம் என்பதால், ஊசலே கூடாது என்ற எண்ணம் பரவிவிட்டது.

இன்றைய நிலை

இந்திய சீருடற்பயிற்சியில் ஆஷிஷ் குமார் 2010 காமன்வெல்த் போட்டியில் இரு பதக்கங்கள் வென்றார். தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார். ஆனால் கோவில்பட்டியின் புகழ் ஹாக்கியில் நிற்கிறது.

சிங்கிள் பார் உள்ள பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்கள் புல்-அப்புடன் ஊசலையும் ஆறாம் வகுப்பிலிருந்தே கற்பிக்க வேண்டும். அதற்கு மணற்குழியும் உடன்நின்று தாங்கும் ஒரு கையும் போதும்.