தில்லியின் கூரைகள்

தில்லி மாநகரின் வரலாற்றில், ஒரு கூரை சரிந்தமையால் அரியணை கைம்மாறிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1325-ஆம் ஆண்டில் சுல்தான் கியாஸுத்தீன் துக்ளக் வங்கப் படையெடுப்பை முடித்து வெற்றியுடன் தலைநகர் திரும்பினார். அவரை எதிர்கொண்டு அழைப்பதற்காக, துக்ளகாபாத் கோட்டைக்குச் சில கல் தொலைவில், அஃப்கான்பூர் என்னுமிடத்தில், அவருடைய மகன் ஜூனாகான் ஒரு மர மண்டபத்தை எழுப்புவித்தார். விருந்து முடிந்தது; யானைகள் அணிவகுத்து வரலாயின; மண்டபம் இடிந்து வீழ்ந்தது. சுல்தானும் அவருடைய இளைய மகன் ஒருவரும் அதனடியில் சிக்கி மாண்டனர். மகனைக் காப்பதற்காக அவன்மீது முதுகை வளைத்துக் கவிந்த நிலையில் தந்தையின் உடல் காணப்பட்டதாக இபின் பதூதா எழுதியிருக்கிறார். ஜூனாகான், முகம்மது பின் துக்ளக் என்னும் பெயருடன் அரியணை ஏறினார்.

விண்ணிலிருந்து இடி விழுந்தது என்பது வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரணியின் கூற்று. இபின் பதூதாவோ வேறு விதமாகச் சொல்கிறார். மண்டபம் மூன்றே நாளில் கட்டப்பட்டதென்றும், யானைகள் ஒரு பக்கமாக வந்து மிதித்தால் சரியும் வண்ணம் வேண்டுமென்றே அமைக்கப்பட்டதென்றும் அவர் கேள்விப்பட்டிருந்தார். சூழ்ச்சியா, இடியா, தற்செயலா என்னும் வழக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. அதனைத் தீர்ப்பது இன்று நம் நோக்கமன்று. அந்தக் கதையைக் கேட்கும் தச்சர் ஒருவருக்கு எழக்கூடிய கேள்வியையே நாம் எடுத்துக்கொள்வோம். நிற்கும் கூரை எதனால் நிற்கிறது? விழும் கூரை எதனால் விழுகிறது?

நேயர்கள் நான்கு குச்சிகளை எடுத்து, மூலைக்கு ஓர் ஆணி வீதம் அடித்து, ஒரு சதுரம் செய்து பாருங்கள். மேல் மூலையைப் பக்கவாட்டில் சிறிது தள்ளினால் போதும். குச்சி எதுவும் ஒடியாமலே சதுரம் சாய்ந்து படுத்துவிடும். இனி மூன்றே குச்சிகளைக் கொண்டு ஒரு முக்கோணம் செய்யுங்கள். எப்பக்கம் தள்ளினாலும் அது உருமாறாது. குச்சி முறிய வேண்டும், அல்லது ஆணி பிடுங்கிக்கொள்ள வேண்டும். தூணை நட்டு, அதன்மேல் விட்டத்தைக் கிடத்தி, விரைவில் எழுப்பும் எந்த மர மண்டபமும் சதுரத்தின் இனத்தைச் சேர்ந்தது. மேலிருந்து வரும் பளுவை அது தாங்கும். பக்கத்திலிருந்து வரும் அதிர்ச்சிக்கு அஞ்சும். தூணுக்கும் விட்டத்துக்கும் இடையே சாய்வாக ஓர் உதைகால் வைத்துவிட்டால் அங்கே முக்கோணம் பிறந்துவிடுகிறது. யானைப்படையின் நடை அதிர்வைத் தாங்கும் மண்டபத்துக்கும் தாங்காத மண்டபத்துக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய சில சாய்வுக் கட்டைகளே ஆகலாம்.

முக்கோணம் நம் நாட்டுத் தச்சருக்குப் புதியதன்று. நம் ஊர்களில் ஓட்டு வீடு கட்டும் முறையை நினைவு கூர்வோம். சுவருக்குச் சுவர் உத்திரம் போட்டு, அதன் நடுவே குத்துக்கால் நிறுத்தி, அதன் தலையில் மோட்டுவளையைப் பொருத்தி, இருபுறமும் கைமரங்களைச் சாய்த்து, அவற்றின்மேல் வரிச்சுகளைப் பரப்பி ஓடு வேய்வர். குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் இந்தக் கலையின் முதிர்ச்சியைக் காணலாம். சிதம்பரத்துப் பொன்னம்பலத்தின் கைமரங்களை 64 கலைகளுக்கு ஒப்பிட்டுச் சொல்லும் மரபும் உண்டு.

ஆயினும் இந்த முறையில் ஒரு செலவு மறைந்திருக்கிறது. மோட்டின் பளு குத்துக்கால் வழியாக இறங்கி, உத்திரத்தின் நட்ட நடுவில் அமர்கிறது. உத்திரம் அதனைத் தன் முதுகில் சுமந்து வளைகிறது. அடிக்கு அடி ஒரே அளவான பளுவைச் சுமக்கும் ஒரு விட்டத்தின் நீளத்தை இரு மடங்காக்கினால், அதனை வளைக்கும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே அறை அகலமாக ஆக, உத்திரம் மிக விரைவாகப் பருக்க வேண்டியிருக்கிறது. அகன்ற கூடத்துக்குப் பெருமரம் வேண்டும். பெருமரம் இல்லாத ஊரில் அகன்ற கூடம் இல்லை.

பொறியாளர்கள் ‘டிரஸ்’ என்று வழங்கும் கூரைச் சட்டம் இச்சிக்கலை வேறு வகையில் அவிழ்க்கிறது. பார்வைக்கு அதுவும் நம் கூரை போன்றதே. ஆனால் உறுப்புகளின் தொழில் வேறு. இரண்டு கைமரங்களும் உச்சியில் ஒன்றோடொன்று முட்டி நின்று பளுவை ஏற்கின்றன. அப்போது அவற்றின் கால்கள் வெளிப்புறமாக உதைக்கின்றன. கீழே கிடக்கும் விட்டம் அந்தக் கால்களை விலகவொட்டாமல் இழுத்துப் பிடிக்கும் கயிறாகிறது. நடுவில் உள்ள கால் விட்டத்தின்மேல் நிற்பதன்று. உச்சியிலிருந்து தொங்கி, விட்டம் தொய்யாதபடி அதனைத் தூக்கிப் பிடிப்பது. நம் குத்துக்கால் விட்டத்தை அழுத்துகிறது. இந்த நடுக்கால் விட்டத்தை ஏந்துகிறது. வளையும் வேலை நீங்கி, இழுபடுவதும் அமுங்குவதுமே எஞ்சுவதால், மெல்லிய மரங்களைக் கொண்டே அகன்ற கூடத்தை மூடிவிடலாம்.

இந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டு தில்லியை நோக்குவோம். தில்லியின் மலைத்தொடர் கல்லைத் தரும், பெருமரத்தைத் தராது. தேவதாரு இமயச் சரிவுகளிலிருந்தும், சால மரம் அடிவாரக் காடுகளிலிருந்தும் வரவேண்டும். எனவே கல்லால் இடைவெளியை மூடும் வழியையே இந்நகரம் நெடுங்காலம் தேடிற்று. கல், அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. நீண்ட கல் உத்திரம் தன் பளுவாலேயே அடிப்புறம் பிளந்துவிடும். மதுரையில் ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்கள் நெருங்கி நிற்பதற்கு இதுவே காரணம்.

குதுப் மினார் அருகிலுள்ள குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் முகப்பு வளைவுகள் 1199-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. பார்வைக்கு வில்வளைவாகத் தோன்றினும், அவை கல்லைப் படுக்கையாக அடுக்கி, ஒன்றைவிட மற்றொன்றைச் சிறிது முன்னே நீட்டி, உச்சியில் சேர்த்தவையே. நம் நாட்டுச் சிற்பியர் தாம் அறிந்த முறையால் புதிய உருவத்தைச் செய்து தந்தனர். ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும் உண்மையான வளைவு, 1287-ஆம் ஆண்டளவில் எழுந்த பால்பன் கல்லறையில் காணப்படுகிறது. 1311-ஆம் ஆண்டின் அலாய் தர்வாசாவில் அம்முறை முழு வெற்றி பெற்றுக் குவிமாடத்தைத் தாங்கி நிற்கிறது.

வளைவும் குவிமாடமும் கைமரங்களைப் போலவே வெளிப்புறமாக உதைப்பவை. கைமரத்தின் உதைப்பை விட்டம் இழுத்துப் பிடிக்கிறது. கல்லில் அத்தகைய கயிறு இல்லை. ஆகவே கனத்த சுவரைக் கொண்டே அதனைத் தடுக்க வேண்டும். துக்ளகாபாத் கோட்டைக்கு எதிரே உள்ள கியாஸுத்தீன் துக்ளக்கின் கல்லறையைக் கண்டவர்கள், அதன் செம்மணற்கற் சுவர்கள் உட்புறமாகச் சாய்ந்து எழுவதைக் கவனித்திருப்பார்கள். குவிமாடத்தின் உதைப்பை எதிர்த்துத் தோள் கொடுப்பதற்கு மிகவும் ஏற்ற அமைப்பு அது. மரக்கூரையின் கீழ் மாண்ட மன்னர், ஏறத்தாழ ஏழு நூற்றாண்டாக அசையாத கற்கூரையின் கீழ்த் துயில்கிறார்.

இவற்றை மட்டும் கண்டு, தில்லி கல்லாலேயே ஆன நகரம் என்று எண்ணிவிடுதல் பிழையாகும். முகம்மது பின் துக்ளக்கின் அரசவை ‘ஹசார் ஸுத்தூன்’ எனப்பட்டது. அப்பெயரின் பொருள் ஆயிரங்கால் மண்டபம் என்பதே. அதனை நேரில் கண்ட இபின் பதூதா, தூண்கள் வண்ணம் தீட்டிய மரத்தால் ஆனவை என்றும், அவை அழகிய ஓவியங்கள் தீட்டிய மரக்கூரையைத் தாங்கின என்றும் எழுதியிருக்கிறார். அந்த மரத்தில் ஒரு துண்டும் இன்று நமக்கு இல்லை. கல்லறைகள் நின்றன, அரண்மனையின் மரக்கூரை மறைந்தது. எது எஞ்சியதோ அதையே வரலாறு என்று நாம் கொள்கிறோம். எஞ்சாதவற்றைச் செய்த தச்சரின் அறிவு நம் கணக்கில் சேராமலே போய்விடுகிறது.

சாதாரண மக்களின் வீடுகளிலோ மரமும் கல்லும் கலந்தே பணி செய்தன. பழைய தில்லியின் சந்துகளில், சுவருக்குச் சுவர் மரக்கட்டைகளை நெருக்கமாக இட்டு, அவற்றின்மேல் கற்பலகைகளைப் பரப்பி, மண்ணும் சுண்ணாம்பும் கொட்டிக் கெட்டித்த தட்டையான கூரைகளே மிகுதி. அறையின் அகலத்தைக் கட்டையின் நீளமே தீர்மானித்தது. தில்லியின் மழை பெரும்பாலும் ஆடி, ஆவணி, புரட்டாசிக்குள் அடங்கிவிடும்; கோடை இரவிலோ மாடியில் படுத்தாலன்றி உறக்கம் வாராது. ஆகவே கைமரம் சாய்த்த கூரைக்கு இங்கே தேவையும் குறைவாக இருந்தது.

ஹுமாயூன் கல்லறையின் குவிமாடம் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1570-ஆம் ஆண்டில், வெனிசு நகரில் பல்லாடியோ என்னும் கட்டடக் கலைஞர் தம் நூலை வெளியிட்டார். முக்கோணச் சட்டங்களால் அமைந்த மரப்பாலங்களின் வரைபடங்கள் அதில் அச்சேறின. தச்சரின் கையில் இருந்த அறிவு ஏட்டில் ஏறியது. பின்னர் அது கணக்காயிற்று, கல்லூரிப் பாடமாயிற்று. 1847-ஆம் ஆண்டில் தொடங்கிய ரூர்க்கிக் கல்லூரி அப்பாடத்தை வட இந்தியாவில் பரப்பியது. படை வீடுகளும், இரயில் கொட்டகைகளும், பண்டகசாலைகளும் கூரைச் சட்டத்தின்மேல் எழுந்தன. தில்லியில் முக்கோணத்தின் பேருருவம் முதலில் தோன்றியது கூரையில் அன்று, ஆற்றின்மேல். 1866-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட யமுனை இரும்புப் பாலம், ஏறத்தாழ 200 அடி அகலமுள்ள 12 கண்களைக் கொண்டு, மேலே இரயிலையும் கீழே சாலையையும் தாங்கியது. அப்பாலத்தின் பக்கச் சட்டமும் கூரையின் சட்டமும் உடன்பிறப்புகள் எனலாம்.

விடுதலை பெற்று 25 ஆண்டுகள் நிறைந்த 1972-ஆம் ஆண்டில், ஆசிய வாணிபக் கண்காட்சிக்காகப் பிரகதி மைதானத்தில் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ என்னும் மண்டபம் எழுந்தது. கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல். பொறியாளர் மகேந்திர ராஜ். நடுவில் ஒரு தூணும் இன்றி, 70 மீட்டருக்கு மேற்பட்ட அகலத்தை மூட வேண்டும். முக்கோணங்களைத் தளத்தில் மட்டுமன்றி முப்புறமும் பின்னிச் செல்லும் வெளிச்சட்டம் ஒன்றே இதற்கு ஏற்றது. பிற நாடுகளில் அதனை எஃகுக் குழாய்களால் செய்வது வழக்கம். அந்நாளைய இந்தியாவிலோ எஃகு அரிது, விலையும் மிகுதி. உழைக்கும் கைகளுக்குக் குறைவில்லை. ஆகவே இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட்டினால், அவ்விடத்திலேயே அச்சுப் பலகை கட்டி வார்த்து, சாய்வுக் கால்களும் அவை கூடும் முடிச்சுகளும் ஒவ்வொன்றாக ஆக்கப்பட்டன. இத்துணைப் பெரிய அளவில் கான்கிரீட்டினால் ஆன வெளிச்சட்டம் உலகிலேயே அதுதான் முதன்முறை. தலை கொய்த பிரமிடு போன்ற அதன் உருவில், முக்கோண இடைவெளிகள் பழைய மாளிகைகளின் கல்சாளரம் போல வெயிலை வடிகட்டின. பெருமரம் இல்லாத ஊரில் கல்லால் வழி கண்ட தில்லி, எஃகு இல்லாத காலத்தில் கான்கிரீட்டால் வழி கண்டது.

அம்மண்டபம் இன்று இல்லை. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஓர் இரவில் அது இடிக்கப்பட்டது. புதிய, பெரிய மாநாட்டு வளாகம் தேவை என்பது இடித்தவர்களின் வாதம். அத்தேவையைப் பொய் என்று சொல்வதற்கில்லை. 2023-ஆம் ஆண்டில் அம்மைதானத்திலேயே பாரத மண்டபம் திறக்கப்பெற்று, உலகத் தலைவர்களின் மாநாடும் அங்கு நடந்தேறியது. பழைய மண்டபத்தைக் காக்கக் கோரியவர்கள் நீதிமன்றம் வரை சென்றனர். ஆனால் 60 ஆண்டு நிறையாத கட்டடம் பாரம்பரியப் பட்டியலுக்கு உரியதன்று என்னும் அளவுகோல் குறுக்கே நின்றது. மண்டபத்தின் வயது 45. 2022-ஆம் ஆண்டில் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் தெற்காசியக் கட்டடக்கலையைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியபோது, தில்லியில் இல்லாத அம்மண்டபத்துக்கு அங்கே இடம் கிடைத்தது.

அஃப்கான்பூர் மண்டபம் தன் நிலையின்மையால் விழுந்தது என்று வைத்துக்கொண்டால், பிரகதி மைதானத்து மண்டபம் உறுதியாக நின்றும் விழுந்தது. முன்னதற்குத் தச்சர் மறுமொழி சொல்ல வேண்டும். பின்னதற்கு மறுமொழி சொல்ல வேண்டியவர் நாம். ஆண்டுக் கணக்கு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், நம் காலத்தின் அரிய ஆக்கம் எதுவும் முதுமை அடையும் வாய்ப்பையே பெறாது. ஒரு கட்டடத்தில் புதிதாகக் கண்டறியப்பட்ட முறை என்ன, அதனை இனியொரு முறை செய்யவல்ல கைகள் உண்டா என்பனவும் அளவுகோலில் சேர வேண்டும்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் உங்கள் முன்னோர் வீடு ஓடும் கைமரமுமாக இன்னும் நின்றால், ஒரு நாள் அதன் கூரையை அண்ணாந்து பாருங்கள். மோட்டுவளை எது, உத்திரம் எது, எந்தக் கட்டை பளுவைச் சுமக்கிறது, எது இழுத்துப் பிடிக்கிறது என்று, அறிந்த தச்சர் ஒருவரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அவ்வீட்டை இடிக்க நேரிடலாம். அது குடும்பத்தின் தேவையைப் பொறுத்தது. இடிக்கும் முன்பு அளந்து, வரைந்து, பெயர்களை எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது. ஹசார் ஸுத்தூனைச் செய்த தச்சருக்காக ஒரு வழிப்போக்கர் இரண்டு வரி எழுதி வைத்தார். அந்த இரண்டு வரியால்தான் தில்லிக்கு ஒரு மரக்கூரை இருந்ததென்று நாம் அறிகிறோம்.