பேக்கர், பாபி

பாபி பேக்கர் (பிறப்பு 1950), சித்திரம், சிற்பம், நாடகம், சமையல் ஆகிய நான்கையும் ஒரே மேடையில், சில சமயம் ஒரே மேஜையில், கலந்து காட்டிய ஆங்கிலேய நிகழ்த்துகலைஞர். கென்ட் பகுதியில் பிறந்து, 1968 முதல் 1972 வரை லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் ஓவியம் பயின்றார். ஆர்ச்வேயிலிருந்து தெற்கே இறங்கும் ஹாலோவே சாலையை ஒட்டிய வட்டாரத்தைப் பின்னாளில் வாசஸ்தலமாகக் கொண்ட அவர், அங்குள்ள வீட்டையும் தேவாலயத்தையுமே தம் அரங்கமாக்கிக் கொண்டார்.

கேக் ஒன்றைப் பூட்ஸ் வடிவில் செதுக்கிப் பார்த்த நாளிலிருந்து அவருடைய வர்ணப் பெட்டி சமையலறைக்கு இடம் பெயர்ந்துவிட்டது எனலாம். 1976-இல் கிழக்கு லண்டன் ஸ்டெப்னியில் தாம் குடியிருந்த சிறு வீட்டின் சுவர்களில் பத்திரிகைத் தாள்களை ஒட்டி, சர்க்கரைப் பாகால் அலங்கரித்து, அதனுள் ஒரு குடும்பத்தையே தின்பண்டங்களால் வடித்து வைத்தார். தொலைக்காட்சி முன் பழக்கேக்கினாலான தந்தை. கட்டிலில் மெரிங்கினாலான மகள். குளியல் தொட்டியில் பிஸ்கட்டினாலான மகன். தொட்டிலில் தேங்காய்க் கேக்குக் குழந்தை. தையற்காரர் பொம்மையின் கழுத்தில் தேநீர்க் கெண்டியைத் தலையாகப் பொருத்திய தாயை மட்டும் யாரும் உண்ணவில்லை. அவள் வயிற்றறைகளிலிருந்து பலகாரம் எடுத்துக் கொடுக்கப்பட்டது. ஒரு வார காலம் வந்தவர்கள் எல்லாரும் மற்ற நால்வரையும் தின்று தீர்த்தனர். எறும்புக்கு இரையாகட்டும் என்றே அரிசி மாவில் கோலமிடும் நம் பெண்களுக்கு, அழிவதற்கென்றே ஒரு சிற்பம் பிறப்பதில் விந்தை எதுவும் தோன்றாது. ஓவியக் கூடங்களில் நிரந்தரத்தையே போற்றிய கலா விமர்சகர்களுக்கோ அது வெறும் விளையாட்டாகப்பட்டிருந்தால் வியப்பில்லை. 2023-இல் டேட் பிரிட்டன் காட்சிசாலையின் புல்வெளியில் அந்த வீடு மறுபடியும் எழுப்பப்பட்டது.

பிள்ளைகளை வளர்ப்பதில் கழிந்த எட்டாண்டு மௌனத்துக்குப் பின், 1988-இல் அந்த அனுபவத்தையே சித்திரமாகத் தீட்டினார். வெள்ளை அங்கியணிந்து, தரையில் வெள்ளைத் துப்பட்டியை விரித்து, மாட்டிறைச்சி, பால், தயிர், வெல்லப்பாகு என ஒவ்வொன்றையும் ஒரு நினைவுக்கு ஈடாகச் சிந்தி, எல்லாவற்றின் மீதும் மாவைச் சலித்து, கடைசியில் அந்தத் துணியில் தம்மையே சுருட்டிக்கொண்டு எழுந்து ஆடினார். 1991-இல் லண்டன் சர்வதேச நாடக விழாவின்போது தம் சொந்தச் சமையலறையிலேயே சபையைக் கூட்டி, அன்றாட வேலைகள் பன்னிரண்டை நிகழ்த்தி, ஒவ்வொன்றுக்கும் உடலில் ஓர் அடையாளம் இட்டுக்கொண்டார். தேநீரைக் கலக்கிய விரல்கள் கரண்டி பிடித்த பாவனையிலேயே துணிக்கட்டுக்குள் இறுகின. கனிந்த பேரிக்காய் ஒன்று அலமாரிக் கதவில் மோதிச் சிதறியது. ஹாஸ்யம் மேலெழுந்து நின்றபடியால் பலர் சிரித்துவிட்டு வீடு சென்றனர். அந்தப் பேரிக்காய் வீச்சில் இருந்த கோபத்தைக் கவனித்தவர் சிலரே.

கடைக்குப் போவதையே பிரசங்கமாக்கிய 1993-ஆம் ஆண்டு நிகழ்ச்சி முதலியவற்றுக்குப் பின், 2001-இல் ஹாலோவேயின் செயின்ட் லூக் தேவாலயத்தில், ஜாஸ்லின் பூக்கின் இசையோடு, பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைச் சுமந்து வந்து, அதனுள்ளிருந்த உணவுப் பொட்டலங்களைத் தரையில் கொட்டித் தம் வாழ்க்கையின் வரைபடம் தீட்டினார்.

1997 முதல் 2008 வரை மனநோயின் பிடியில் இருந்த காலத்தில் வரைந்துவந்த நாட்குறிப்புச் சித்திரங்கள் எழுநூறைக் கடந்தன. அவற்றுள் 158-ஐ 2009-இல் வெல்கம் கலெக்‌ஷன் காட்சிக்கு வைத்தது. அவை அடங்கிய நூல் 2011-இல் ‘மைண்ட்’ என்ற மனநல அமைப்பின் பரிசைப் பெற்றது.