செராம்பூர்ப் பல்கலைக்கழகம்: ஒரு வரலாற்று நோக்கு

கொல்லிமலையின் அரியூர் நாட்டிலிருந்து ஓர் இளைஞர் இறையியல் கற்க விரும்பிச் சமவெளிக்கு இறங்கி வருகிறார் எனக் கொள்வோம். அவர் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் சேரலாம். சென்னையிலுள்ள குருகுல லுத்தரன் இறையியற் கல்லூரியிலும் சேரலாம். எங்குப் பயின்றாலும், படிப்பின் முடிவில் அவர் பெறும் பட்டச் சான்றிதழில் அவர் ஒருபோதும் கண்டிராத ஓர் ஊரின் பெயர் இருக்கும். வங்காளத்தில், ஊக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், கல்கத்தாவுக்கு வடக்கே உள்ள செராம்பூரே அவ்வூராகும்.

நம் திருச்சபைகளில் பி.டி. பட்டம் பெற்ற ஆயர்கள் பலர் உள்ளனர். ஆயினும் அப்பட்டத்தை வழங்கிய பல்கலைக்கழகத்தின் வரலாறு அவர்களுள்ளும் பலருக்கு முழுமையாகத் தெரிவதில்லை. இறையியற் கல்விக்கு விண்ணப்பிக்க எண்ணுவோரும், அவர்களைத் தெரிந்தெடுத்து அனுப்பும் ஆயர்களும் அறியவேண்டிய அளவில் அவ்வரலாற்றையும் அமைப்பையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இப்பல்கலைக்கழகம் யாருக்காக நிறுவப்பட்டது என்னும் வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு இதனை வாசிக்குமாறு வேண்டுகிறோம்.

1. நிறுவினோர் மூவர்

வில்லியம் கேரி செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர். யோசுவா மார்ஷ்மன் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து பள்ளி ஆசிரியரானவர். வில்லியம் வார்டு அச்சுத் தொழிலாளி. இம்மூவருள் எவரும் பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். வறுமை மட்டுமே இதற்குக் காரணமன்று. அக்கால இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் விசுவாசப் பிரமாணங்களுக்குக் கையொப்பமிடாதோர் ஆக்ஸ்போர்டில் சேரவும் இயலாது. கேம்பிரிட்ஜில் பட்டம் பெறவும் இயலாது. இத்தடை படிப்படியாகத் தளர்ந்து, 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பெரும்பாலும் முடிவுற்றது. பாப்திஸ்து சபையினராகிய இம்மூவருக்கும் தங்கள் தாய்நாட்டின் பல்கலைக்கழக வாயில் அடைக்கப்பட்டிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கேரி 1793-இல் வங்காளம் வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதியில் அருட்பணியாளருக்கு இடங்கொடுக்க விரும்பவில்லை. ஆகவே 1799-இல் வந்த மார்ஷ்மனும் வார்டும், 1755 முதல் டென்மார்க்கு நாட்டினரின் குடியிருப்பாயிருந்த செராம்பூரில் அடைக்கலம் புகுந்தனர். 1800 ஜனவரியில் கேரியும் அவர்களோடு சேர்ந்தார். தமிழ்நாட்டில் தரங்கம்பாடி எந்த அரசின் கொடியின்கீழ் இருந்ததோ, அதே அரசின் கொடியே செராம்பூரிலும் பறந்தது. 1706-இல் சீகன்பால்கைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய டேனிய அரச குலமே, ஒரு நூற்றாண்டுக்குப் பின் செராம்பூர் ஊழியருக்கும் நிழலாயிற்று.

2. கல்லூரியும் அரச சாசனமும்

1818-இல் கல்லூரி தொடங்கப்பட்டது. முதல் ஆண்டில் மாணவர் 37 பேர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் கிறிஸ்தவர், ஏனையோர் கிறிஸ்தவரல்லாதோர். கீழ்த்திசை இலக்கியத்தையும் மேனாட்டு அறிவியலையும் ஒருங்கே கற்பிப்பது அதன் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. வருங்கால இந்தியப் போதகன் தன் மக்களின் மொழியையும் நூல்களையும் அறியாதவனாக இருத்தல் கூடாது என்பது நிறுவினோரின் உறுதியான கருத்து. கல்லூரியின் ஆசிரியராக 1821-இல் வந்த ஜான் மாக் வேதியியல் கற்பித்தார். 1834-இல் வங்காள மொழியிலேயே ஒரு வேதியியல் நூலையும் வெளியிட்டார்.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. கல்லூரிக்குப் பொருள் திரட்ட வார்டு அமெரிக்கா சென்றபோது, அங்குள்ள நன்கொடையாளர் சிலர் தங்கள் பணம் அறிவியல் கற்பிக்கச் செலவிடப்படலாகாது, வேத போதனைக்கே பயன்படவேண்டும் என்று நிபந்தனை விதித்தனர். செராம்பூரார் இதனை வன்மையாக மறுத்தனர். அறிவியல் கல்லாமல் ஒருவனை ஊழியத்திற்குப் பயிற்றுவிக்க இயலுமா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. இன்றும் நம் இறையியற் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களில் இக்கேள்வி வேறு வடிவங்களில் எழுவதைக் காண்கிறோம்.

மார்ஷ்மன் 1826-இல் ஐரோப்பா சென்று டென்மார்க்கு அரசர் ஆறாம் பிரெடெரிக்கை அணுகினார். 1827 பெப்ருவரி 23-ஆம் நாளில் அரசர் வழங்கிய சாசனம், கோப்பன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களைப் போலப் பட்டம் வழங்கும் உரிமையைச் செராம்பூருக்கு அளித்தது. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றியது அதற்கு 30 ஆண்டுகள் கழித்து, 1857-இல் என்பது கருதற்பாலது.

சாசனத்தின் அடிப்படையில் 1833-இல் கல்லூரியின் விதிகள் வகுக்கப்பட்டன. கல்லூரியை நடத்துவோரும் கற்பிப்போரும் கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைகளை ஏற்றவராயிருக்க வேண்டும். மாணவரோ சீர்திருத்தச் சபையினராகவோ, ரோமன் கத்தோலிக்கராகவோ, கிரேக்க அல்லது அர்மீனிய சபையினராகவோ இருக்கலாம். இஸ்லாமியரும் இந்துக்களும் வந்து பயிலலாம். சாதியோ நிறமோ பிறந்த நாடோ எவருக்கும் தடையாகாது என அவ்விதிகள் திட்டமாகக் கூறின. தங்களுக்கு அடைக்கப்பட்ட வாயிலை நினைத்தவர்கள் பிறருக்குத் திறந்த வாயிலை அமைத்தனர் எனலாம். ஆயினும் அவ்விதிகள் ஆண்களை மட்டுமே மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. பெண்கள் இப்பட்டங்களைப் பெற இருபதாம் நூற்றாண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

இத்தகைய வரலாறு செராம்பூருக்கு மட்டும் உரியதன்று. கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஊல்ப்வில் என்னும் சிற்றூரில் அக்கேடியா பல்கலைக்கழகம் உள்ளது. அங்கு அரசர் கல்லூரி ஆங்கிலிக்கன் சபையினர் கையில் இருந்தது. எட்மண்ட் குராலி என்னும் பாப்திஸ்து போதகருக்குத் தல்ஹௌசி கல்லூரியில் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டது. இதனால் மனம் புண்பட்ட பாப்திஸ்து சபையினர் 1838-இல் தங்களுக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கினர்; அதுவே பின்னர் அக்கேடியா ஆயிற்று. பிறரால் விலக்கப்பட்டவர்கள் தாங்கள் நிறுவிய கல்லூரியில் மாணவருக்கோ ஆசிரியருக்கோ மதச் சோதனை வைக்கவில்லை. இன்றும் அது பெரும் பல்கலைக்கழகமன்று. மாணவரும் ஆசிரியரும் ஒருவரையொருவர் அறிந்து பழகும் அளவுடையது. சிறிய பல்கலைக்கழகங்கள் பலவற்றின் பிறப்பில் இத்தகைய ஒரு மறுப்பின் கதை இருப்பதைக் காணலாம்.

3. பயன்படாதிருந்த உரிமை

சாசனம் கிடைத்தபின் என்ன நடந்தது? வார்டு 1823-இலேயே மறைந்துவிட்டார். 1830-களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் பெரிய வணிக நிறுவனங்கள் வீழ்ந்தபோது, அவற்றில் இடப்பட்டிருந்த கல்லூரியின் மூலதனமும் அழிந்தது. கேரி 1834-இலும் மார்ஷ்மன் 1837-இலும் காலமாயினர். 1845-இல் டென்மார்க்கு தன் இந்தியக் குடியிருப்புகளாகிய தரங்கம்பாடியையும் செராம்பூரையும் ஒரே உடன்படிக்கையின் வழியாக ஆங்கிலேயருக்கு விற்றது. விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். அவ்வுடன்படிக்கையில் கல்லூரியின் சாசன உரிமைகள் காக்கப்படும் என்னும் விதி சேர்க்கப்பட்டிருந்தது. அரசு மாறியும் உரிமை அழியாதிருந்தது இதனாலேயே.

உரிமை இருந்தது, ஆனால் அது பயன்படவில்லை. 1857-இல் கல்லூரி புதிய கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தனக்கே பட்டம் வழங்கும் அதிகாரமிருந்தும், தன் மாணவரை மற்றொரு பல்கலைக்கழகத்தின் தேர்வுக்கு அனுப்பியது. 1883-இல் அக்கலைப் பிரிவும் மூடப்பட்டது. போதிய ஆசிரியரும் நிதியும் திருச்சபையின் ஒருமித்த ஆதரவும் இல்லாதபோது, அரசரின் கையொப்பமும் ஏட்டளவில் நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

4. மறுமலர்ச்சி

1905 டிசம்பர் 25-ஆம் நாள், செராம்பூர்க் கல்லூரியிலுள்ள கேரி நூலகத்தில் இந்தியக் கிறிஸ்தவர் சிலர் கூடி இந்திய தேசிய மிஷனெரி சங்கத்தை நிறுவினர். அதில் முன்னின்றோருள் இருவர் தமிழர். ஒருவர் நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வே. ச. அசரியா, மற்றொருவர் கொல்லிமலைக்கு அண்மையிலுள்ள சேலத்தில் பிறந்த கே. டி. பால். இந்தியத் திருச்சபை தன் பொறுப்பைத் தானே ஏற்கவேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று வந்த காலம் அது.

இதனையடுத்த ஆண்டுகளில் ஜார்ஜ் ஹோவெல்ஸ் கல்லூரியின் தலைவரானார். பழைய சாசனத்தை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவர அவர் விடாது முயன்றார். 1910-இல் உயர்நிலை இறையியல் வகுப்பு தொடங்கிற்று. 1915 டிசம்பர் 4-ஆம் நாள் மூவருக்கு பி.டி. பட்டம் வழங்கப்பட்டது. சாசனம் பெற்று 88 ஆண்டுகளுக்குப் பின்னரே அவ்வுரிமையின்படி முதற் பட்டம் அளிக்கப்பட்டதெனக் காண்கிறோம்.

1918-ஆம் ஆண்டின் வங்காளச் சட்டம் இவ்வமைப்பைச் செம்மைப்படுத்தியது. ஆட்சிக் குழு விரிவாக்கப்பட்டது. பல திருச்சபைப் பிரிவினரும் பங்குகொள்ளும் செனட் என்னும் கல்விப் பேரவை ஏற்பட்டது. பாப்திஸ்து சபையினர் தாங்கள் பெற்ற உரிமையைத் தங்களுக்கென வைத்துக்கொள்ளாமல் பிற சபையாரோடு பகிர்ந்துகொண்டனர். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவாவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்னரே, பல சபையினரின் மாணவர் ஒரே தேர்வை எழுதி ஒரே பட்டம் பெறும் வழி திறக்கப்பட்டது. 1949-இல் சி. இ. ஆபிரகாம் கல்லூரியின் முதல் இந்தியத் தலைவரானார்.

5. இன்றைய அமைப்பு

விண்ணப்பிக்க எண்ணுவோர் செராம்பூர் என்னும் பெயர் இரண்டு பொருளில் வழங்குவதை முதலில் அறிதல் வேண்டும். செராம்பூர்க் கல்லூரி என்பது ஊக்ளிக் கரையிலுள்ள கல்லூரி. அதன் கலை, அறிவியல் பிரிவுகள் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. இறையியற் பிரிவு மட்டுமே செராம்பூரின் சொந்தப் பட்டத்துக்குரியது. செராம்பூர் செனட் என்பதோ இந்தியாவின் பல மாநிலங்களிலுள்ள இறையியற் கல்லூரிகளை இணைத்துப் பாடத்திட்டம் வகுத்து, தேர்வு நடத்தி, பட்டம் வழங்கும் பேரவை. ஆகவே தமிழ்நாட்டு மாணவர் பெரும்பாலோர் வங்காளம் செல்லாமலே செராம்பூர் மாணவராகின்றனர்.

பட்டங்களுள் பி.டி.எச். இளநிலையிலானது. பி.டி. ஆயர் ஊழியத்திற்கு இன்று பெரிதும் எதிர்பார்க்கப்படுவது. எம்.டி.எச்., டி.டி.எச். ஆகியவை ஆய்வையும் கற்பித்தலையும் நோக்கியவை. முற்காலத்தில் எல்.டி.எச். என்னும் பட்டயப் படிப்பு வட்டார மொழிகளில் நடைபெற்று, நம் சிற்றூர்ச் சபைகளுக்கு எண்ணிறந்த ஆயர்களை உருவாக்கிற்று. 1969-இல் தோன்றிய தமிழ்நாடு இறையியற் கல்லூரி பி.டி. படிப்பையும் தமிழிலேயே பயிலும் வழியைத் திறந்தது. வங்காள மொழியில் வேதியியல் எழுதிய செராம்பூர் மரபுக்கு இது முற்றிலும் இசைந்ததாகும்.

சேர விரும்புவோர் தாம் நாடும் கல்லூரி செனட்டோடு இணைந்ததா, எந்தப் பட்டம்வரை கற்பிக்க இசைவு பெற்றது, கற்பிக்கும் மொழி எது என்னும் மூன்றையும் முன்னதாகவே கேட்டறிதல் நன்று. இவற்றைக் கேளாமல் சேர்ந்து, பல ஆண்டுகள் பயின்றபின் தம் சான்றிதழ் மேற்படிப்புக்கு உதவாதெனக் கண்டு வருந்துவோர் உளர்.

6. திருச்சபையின் கடமை

கொல்லிமலையில் நற்செய்திப் பணி செய்த ஜெஸ்ஸி பிராண்டும் பாப்திஸ்து மரபினரே. 1913-இல் ஈவ்லினை மணந்து மலைமேல் குடியேறிய அவர், போதித்ததோடு மருத்துவம் செய்தார். தச்சும் வேளாண்மையும் கற்பித்தார். 1929-இல் காய்ச்சலால் அங்கேயே இறந்தார். ஈவ்லின் அம்மையார் 1974-இல் இறக்கும்வரை மலைவாழ் மக்களிடையே உழைத்தார். செராம்பூரில் கேரி மொழிபெயர்ப்போடு தாவரவியலையும் தோட்டக்கலையையும் வளர்த்ததையும், 1820-இல் வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கத்தை நிறுவியதையும் நினைப்போமாயின், இவ்விரு பணிகளுக்குமுள்ள உறவு விளங்கும். கல்வியையும் கைத்தொழிலையும் வேத போதனையையும் அவர்கள் பிரித்து நோக்கவில்லை.

ஆனால் மலைக்கு ஊழியர் ஏறிச் செல்வது ஒரு பாதி. மலையின் மக்கள் இறையியலாளராக உருவாகி, தங்கள் மக்களின் வாழ்விலிருந்து இறையியலைப் பேசுவது மற்றப் பாதி. இதற்கு 1833-ஆம் ஆண்டின் விதி எழுத்தளவில் இடமளிக்கிறது. நடைமுறையில் வேறு தடைகள் நிற்கின்றன. ஆங்கிலத்தில் அமைந்த நுழைவுத் தேர்வு, விடுதிக் கட்டணம், சபையின் பரிந்துரை பெரிய ஊர்களின் குடும்பங்களுக்கே எளிதில் கிடைப்பது ஆகியவை கையொப்பம் கேட்காமலே வாயிலை அடைக்கவல்லவை. ஆக்ஸ்போர்டின் விதியை நாம் குறை கூறுகிறோம். நம் தெரிவுக் குழுக்களின் வழக்கங்களையும் அதே கண்ணோடு ஆராய்தல் வேண்டும்.

பட்டத்தின்மேலுள்ள பற்றையும் இங்குக் கருதவேண்டும். பி.டி. போதாது, எம்.டி.எச். வேண்டும், அதுவும் போதாது, வெளிநாட்டுப் பட்டம் வேண்டும் என்னும் போட்டி நம்மிடையே வளர்ந்துள்ளது. உயர்கல்வி தேவையானதே. ஆயினும் சொந்தப் பட்டம் வழங்கும் உரிமையிருந்தும் செராம்பூர் 88 ஆண்டுகள் வெறுமையாயிருந்தது. பல்கலைக்கழகத்தில் பயிலாத மூவர் அதனை நிறுவினர். இவ்விரண்டு செய்திகளையும் ஒருங்கே வைத்து நோக்குவோர், பட்டம் ஊழியத்திற்குத் துணையேயன்றி ஊழியத்திற்கு ஈடாகாது என்பதை உணர்வர்.

37 மாணவரோடு தொடங்கிய இப்பல்கலைக்கழகம் கட்டடத்தாலோ செல்வத்தாலோ பெரிதாகவில்லை. தன் உரிமையைப் பல கல்லூரிகளோடும் பல சபைகளோடும் பல மொழிகளோடும் பகிர்ந்ததனாலேயே பெரிதாயிற்று. சிறிய தொடக்கங்களை இகழலாகாது என்னும் சகரியா தீர்க்கதரிசியின் எச்சரிப்பு (4:10) இங்குப் பொருந்தும். வரும் கல்வியாண்டில் மாணவரைப் பரிந்துரைக்க அமரும் ஆயர்கள், மலையிலும் கடற்கரையிலும் சேரியிலும் உள்ள தங்கள் சபைகளின் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. கடந்த பத்தாண்டுகளில் அவற்றுள் எதிலிருந்து ஒருவரும் அனுப்பப்படவில்லையோ, அங்கே தங்கள் தேடலைத் தொடங்குவார்களாக.