பழம்பலகையும் எண்ணெய்ப் பூச்சும்

‘கோலா’ என்பது ஆற்றின் வாயைக் குறிக்கும் மலாய்ச் சொல். தெர்லா ஆற்றின் வாய் என்பதே கோலா தெர்லா என்னும் ஊர்ப்பெயரின் பொருள். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் அளந்து சென்ற மலைநாட்டில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிற்று. மலையேறிய தமிழ்த் தொழிலாளரின் பழைய லயங்கள் பலவற்றுக்குப் பலகையே சுவர். லயத்தைப் பிரித்தாலும் நல்ல பலகையை எறிய எவருக்கும் மனம் வாராது; அது வேறொரு வீட்டின் உட்சுவருக்குப் போய்ச் சேரும். அதன்மேல் எதைப் பூசுவது என்பது கைக்காசை மட்டும் பொறுத்ததன்று. அப்பலகையின் பழைய வரலாற்றையும் பொறுத்தது.

இம்மலையில் ஆண்டு மழை மிகுதி. ஈரத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். ஆதலின் மரத்தின்மேல் தோல்போலப் படியும் பூச்சு வெடித்து உரிகிறது. சுண்ணாம்பின் கதியும் இதுவே. மலிவென்று பலகைக்கு வெள்ளையடித்தவர், அது பொருக்குப் பொருக்காக உதிர்வதையே கண்டனர்.

நம் நாட்டுப் பழம்பூச்சுகளுள் தலையாயது அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் தருவது அது. அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசினால் மேசை நாற்காலி கண்ணாடிபோல் மின்னும். ஆனால் ஈரம் பட்டால் வெளுத்துப்போகும். தீயும் எளிதில் பற்றும். பாரதத்து அரக்கு மாளிகையை நினைத்துக்கொண்டால் போதும். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொணர்ந்த முந்திரியின் கொட்டை எண்ணெய், கடற்கரையோரத்தில் படகுக்கும் வீட்டு மரத்துக்கும் காப்பாயிற்று. அது தோலைப் புண்ணாக்கும் தன்மையது.

பிறகு வந்தது நிலக்கரித் தார் எண்ணெய். 1838-இல் ஜான் பெதல் என்பார் அதை மரத்துள் அழுத்திச் செலுத்தும் முறைக்கு இங்கிலாந்தில் உரிமை பெற்றார். இரயில் பாதைக் கட்டைகள் கறையானுக்குத் தப்பியது இதனாலேயே. கறையானுக்கு ஆகாதது மனிதனுக்கும் ஆகாது. புற்றுநோய் அச்சத்தால் 2003-இல் ஐரோப்பிய நாடுகள் பொதுமக்கள் அதை வாங்கிப் பூசுவதைத் தடுத்தன. கருநிறமும் தார் நெடியும் உள்ள பழங்கட்டையை, எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும், குழந்தைகள் உறங்கும் அறைச் சுவரில் அடித்தல் தகாது.

இதனினும் மறைவான பகை ஈயம். வெள்ளை ஈயத்தைக் கட்டிடங்களின் உட்புறத்தில் பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கை 1921-இலேயே ஜெனிவாவில் உருவாயிற்று. ஆயினும் ஈயம் கலந்த சாயங்கள் அதன்பின் பல்லாண்டு உலகெங்கும் விற்கப்பட்டன. பழஞ்சாயம் ஒட்டிய பலகையை உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூசியில் அந்த ஈயம் இருக்கக்கூடும். அது குழந்தைகளின் மூளையைத் தாக்குவது. அத்தகைய பலகையைத் தேய்க்காமல் விலக்கி வைப்பதே நன்று.

சாயம் படாத பலகைக்கு ஏற்றது ஆளிவிதை எண்ணெய். இது நீர்போல ஆவியாகி உலர்வதன்று; காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று இறுகுவது. பச்சை எண்ணெய் உலரப் பல நாள் செல்லும். ஈரமலையில் அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே விரைவில் உலருமாறு பக்குவப்படுத்திய எண்ணெயே வேண்டும். முற்காலத்தில் அதற்கு மிருதாரசிங்கியைச் சேர்த்துக் காய்ச்சினர். அதுவும் ஈயமே! ஈயமற்றது என்று குறித்த எண்ணெயைக் கேட்டு வாங்குதல் வேண்டும். முதற்பூச்சுக்குச் சிறிது டர்பன்டைன் கலந்து தடவி, மரம் குடித்தது போக மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வார்னிஷ் உரிந்தால் முழுதும் சுரண்ட நேரும். எண்ணெய் மங்கினால் மங்கிய இடத்தில் மட்டும் மறுபடி தடவலாம். ஏழை வீட்டுக்கு இதுவே உண்மையான சிக்கனம். பலகையை ஆணியடிக்குமுன் அதன் பின்புறத்துக்கும் ஒரு பூச்சு வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து வெளியே உலர்த்த வேண்டும்.