கைநாட்டும் காசோலையும்: இந்திய வங்கிகளில் பார்வையற்ற வாடிக்கையாளரின் வரலாறு

ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியுடையவர் யார் என்பதை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தனது 11-ஆம் பிரிவில் வரையறுக்கிறது. உரிய வயதை அடைந்து, தெளிந்த மனநிலையோடு, வேறு எந்தச் சட்டத்தாலும் தகுதி இழக்காதவராக இருந்தால் போதும் என்னும் அந்த வரையறையில் கண்பார்வை ஒரு நிபந்தனையாக இடம்பெறவே இல்லை. காசோலை, உறுதிமொழிச் சீட்டு போன்ற கைமாறும் பணப் பத்திரங்களை ஒழுங்குபடுத்தும் 1881-ஆம் ஆண்டுச் சட்டமும், ஒப்பந்தத் தகுதியுள்ள எவரும் காசோலை எழுதலாம் என்றே தனது 26-ஆம் பிரிவில் கூறுகிறது. இவ்விரு சட்டங்களும் நடைமுறையில் இருந்த காலத்திலேயே பார்வையற்றோருக்குக் காசோலைப் புத்தகமும் பெட்டக வசதியும் மறுக்கப்பட்டு வந்தன என்பதால், அந்த மறுப்பைச் சட்டத்தின் விளைவாக அல்லாமல் வங்கி முகப்பில் உருவாகி உறைந்துபோன ஒரு வழக்கமாகவே கருத வேண்டும்.

அந்த வழக்கத்தின் வேர் கையொப்பத்தில் இருக்கிறது. வாடிக்கையாளரின் கையொப்பத்தைப் போலியாக இட்ட காசோலைக்குப் பணம் கொடுத்துவிட்டால் இழப்பு வங்கியையே சேரும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1987-இல் கனரா வங்கி தொடர்பான வழக்கொன்றில் உறுதிப்படுத்தியது. பார்வையற்றவர் ஒருமுறை போட்டது போல மறுமுறை அமையாத கையொப்பத்தைக் கண்டு வங்கியாளர் தயங்கியதற்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தத் தயக்கத்துக்கு அவர்கள் கண்ட தீர்வு விசித்திரமானது. எழுத்தறியாதோருக்கென வகுத்திருந்த நடைமுறையை, அதாவது பெருவிரல் ரேகை பதித்தல், நேரில் வந்து பணம் பெறுதல், சாட்சி வைத்தல் ஆகியவற்றை, பட்டம் பெற்ற ஆசிரியரானாலும் அரசு ஊழியரானாலும் பார்வையற்றவர் என்ற ஒரே காரணத்துக்காக அவர்மீதும் சுமத்தினார்கள். பல கிளைகளில் பார்வையுள்ள உறவினர் ஒருவரைக் கூட்டுக் கணக்காளராகச் சேர்க்கும்படியும் வற்புறுத்தினார்கள். பாதுகாப்பின் பெயரால் நடந்த இந்த ஏற்பாடு, ஒருவருடைய பணத்தை மற்றொருவர் கையில் ஒப்படைத்ததைத்தான் சாதித்தது.

1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கல்வியையும் வேலைவாய்ப்பையும் முதன்மையாகக் கொண்டிருந்தது. சாலை, கட்டடம், போக்குவரத்து பற்றிய கடமைகளையும் பொருளாதார வசதிக்கு உட்பட்டவை என்று அது தளர்த்தியே எழுதியது. வங்கிகளைப் பொறுத்தவரை அச்சட்டத்தின் பயன் அது உருவாக்கிய தலைமை ஆணையர் பதவியின் வழியாகவே வந்தது. காசோலை மறுப்பு தொடர்பாக 2003-இல் பதிவான வழக்கில் தலைமை ஆணையர் 2005 செப்டம்பரில் பிறப்பித்த ஆணையை அடிப்படையாகக் கொண்டு, பார்வையற்றோர் ஒப்பந்தத் தகுதி உடையவர்களே என்றும், மூன்றாம் நபருக்கு எழுதும் காசோலை, ஏடிஎம், இணைய வங்கிச் சேவை, பெட்டகம், கடன், கடன் அட்டை ஆகிய எதையும் அவர்களுக்குப் பாகுபாடின்றி வழங்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4 அன்று சுற்றறிக்கை விடுத்தது. 1872-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதை 136 ஆண்டுகள் கழித்து வங்கிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

அதற்குள் முகப்பே இயந்திரமாக மாறியிருந்தது. கனடாவில் பார்வையற்ற வாடிக்கையாளர்கள் மனித உரிமை ஆணையத்தில் அளித்த புகாரின் விளைவாக, 1997-இல் ஒட்டாவா நகரில் பேசும் ஏடிஎம் ஒன்று நிறுவப்பட்டது. செவிப்பொறியை இணைத்தால் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வகையில் அமைந்த இத்தகைய இயந்திரம் 1999-இல் சான் பிரான்சிஸ்கோவிலும் வந்தது. இந்தியாவில் யூனியன் வங்கி 2012 ஜூனில் அகமதாபாத்தின் வஸ்திராப்பூரில் பேசும் ஏடிஎம்மைத் தொடங்கியது. புதிய ஏடிஎம்களில் மூன்றில் ஒரு பங்காவது பேசும் வசதியும் பிரெய்ல் விசைப்பலகையும் கொண்டிருக்க வேண்டும் என்று 2009-இல் அறிவுறுத்திய ரிசர்வ் வங்கி, 2014 ஜூலை முதல் நிறுவப்படும் எல்லா ஏடிஎம்களுக்கும் அதை விரிவாக்கியது.

இயந்திரத்திலிருந்து வெளிவரும் பணத்தாளும் ஒரு சிக்கலே. 1996-இல் வந்த மகாத்மா காந்தி வரிசைத் தாள்களில் நூறு ரூபாய்க்கு முக்கோணம், ஐந்நூறுக்கு வட்டம் எனப் புடைப்புக் குறிகள் இருந்தன. ஆயினும் அக்குறிகள் பழக்கத்தில் தேய்ந்துவிடும் என்பதால் பார்வையற்றோர் பெரிதும் நம்பியது தாளின் நீளத்தையே. பழைய 50, 100, 500 ரூபாய்த் தாள்களின் நீளம் ஒவ்வொரு படிக்கும் 10 மில்லிமீட்டர் வேறுபட்டது. 2016-இல் தொடங்கிய வரிசையிலோ 200 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் இடையே 4 மில்லிமீட்டரே வேறுபாடு. தாளைப் படமெடுத்து மதிப்பைச் சொல்லும் கைப்பேசிச் செயலியை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டது. விரலால் அறிந்ததைக் கைப்பேசியின் துணையோடு அறிய நேர்ந்ததை முன்னேற்றம் என்று முழுமனத்தோடு சொல்ல இயலாது.

தம் நிதி விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கும் உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்கு வெளிப்படையாக வழங்கி, அரசு, தனியார் என்ற வேறுபாடின்றிச் சேவை வழங்குநர் அனைவரையும் அணுகல் விதிகளுக்கு உட்படுத்தியது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். எனினும் அதன்கீழ் இயற்றப்பட்ட விதிகளில் 15-ஆம் விதி கட்டாயத் தரங்களை வகுக்காமல் பரிந்துரைகளை மட்டுமே அடுக்கியிருந்தது; ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அந்த விதியைச் செல்லாததாக்கியது. இதற்கிடையே வாடிக்கையாளரின் அடையாளத்தை இணையவழியில் சரிபார்க்கும் முறை பரவி, கேமராவின் முன் கண் சிமிட்டினால்தான் கணக்குத் தொடங்க முடியும் என்ற நிலை உண்டானது. நேரில் சென்றவரிடம் கைநாட்டை வற்புறுத்திய அதே துறை, இணையத்தில் கைநாட்டை ஏற்க மறுத்தது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, இணையச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. கண் சிமிட்டலுக்கு மாற்றுவழி, பெருவிரல் ரேகைப் படத்தை ஏற்கும் நடைமுறை, காலமுறைத் தணிக்கை ஆகியவற்றோடு, செயலியையோ இணையதளத்தையோ வடிவமைக்கும்போது பயனர் சோதனையில் பார்வையற்றோரையும் ஈடுபடுத்த வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும்.