கணினிப் பட்டம்: எந்தக் கதவு வழியாக நுழைகிறோம்?

பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். கம்ப்யூட்டர் சயின்ஸா, ஐ.டி.யா, பி.சி.ஏ.வா? எந்தக் கல்லூரி? தோழர்களே, இப்படி நின்று யோசித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்குச் சும்மா வந்ததல்ல. வந்த வழி தெரிந்தால் தேர்வும் தெளிவாகும்.

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் 2 இடத்தை நமக்கு ஒதுக்கியது. மருத்துவக் கல்லூரியைக் காட்டி செண்பகம் துரைராஜனும், பொறியியல் கல்லூரியைக் காட்டி சி.ஆர்.சீனிவாசனும் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். செண்பகம் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. ஆனாலும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் களத்தில் இறங்கினார். அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்த அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தம் வந்தது, 15(4) சேர்ந்தது. இன்றைய ஒதுக்கீட்டு இடங்கள் அதன் மேல்தான் நிற்கின்றன.

கணினிக் கல்வியின் கதை வேறு. முதல் ஐ.ஐ.டி. தொடங்கியது 1951இல். கான்பூர் ஐ.ஐ.டி.க்குக் கணினி வந்தது 1963இல். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐ.ஐ.டி.களில் ஒதுக்கீடு வந்ததோ 1973இல். அதாவது, இந்தத் துறை நாம் இல்லாத அறைகளில் வளர்ந்த துறை. "கம்ப்யூட்டர் மூளைக்காரர்களுக்கானது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

தமிழ்நாட்டில் 1980களில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. அதே காலத்தில் நுழைவுத்தேர்வும் வந்தது. இடம் பெருகியது, ஆனால் கையில் பணமும், கோச்சிங் போக வசதியும் வேண்டியிருந்தது. 1997இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. 2007-08 கல்வியாண்டில் நுழைவுத்தேர்வு ஒழிந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. 2009இல் நமது 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு கிடைத்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு வந்தது. ஒவ்வொன்றும் சட்டமாகவோ ஆணையாகவோ வந்தது. யாருடைய கருணையும் அல்ல.

ஆகவே, பட்டத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் கதவைப் பாருங்கள். அரசுக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள், சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள்: இவை கலந்தாய்வு வழி. இட ஒதுக்கீடு இங்கே செல்லும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்கு வெளியே இருப்பவை. அங்கே நம் 18 விழுக்காட்டைக் கேட்க முடியாது.

அடுத்தது பணம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் அண்ணலின் வலியுறுத்தலால் வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் கேட்கலாம். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கிடையாது. "சேருங்கள், ஸ்காலர்ஷிப் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று வீடு தேடி வரும் ஏஜெண்டிடம், எந்த ஒதுக்கீட்டில் இடம் என்று எழுத்தில் கேளுங்கள். பாதியில் உதவித்தொகை இல்லை என்றானால் கட்டணத்துக்காகச் சான்றிதழ் கல்லூரியிலேயே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பட்டம். நல்ல அரசுக் கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ.வோ படித்து, பிறகு இரண்டாண்டு எம்.சி.ஏ. போவது தாழ்ந்த வழி அல்ல. ஆசிரியரும் ஆய்வகமும் இல்லாத இடத்தில் "செயற்கை நுண்ணறிவு" என்ற பெயரோடு வாங்கும் பட்டத்தைவிட அது கெட்டி.

மதிப்பெண் வந்த அன்றே சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். ஊரில் முதல் தலைமுறையாகப் படிக்கப் போகும் பிள்ளையின் விருப்பப் பட்டியலை, ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.